டீசலைக் கக்கிய வண்டி

எங்கள் பிக்கப் வண்டிக்கு டீசல் போடுவதும் அடம்பிடிக்கும் பிள்ளைக்குச் சோறு ஊட்டுவதும் ஒன்றுதான். முதல் இரண்டு வாய் சமர்த்தாக உள்ளே போகும். அப்புறம் வயிற்றுக்குள்ளிருந்து களக் களக்கென்று ஒரு சத்தம். அடுத்த நொடி, உள்ளே போனதில் பாதி ஊட்டியவரின் சட்டை மேல் இருக்கும்.

அந்தச் சட்டைக்காரர் கும்பகோணம் சாலையில் புதிதாக வந்திருந்த பங்க்கில் டீசல் போடுகிறவர். வயலுக்கு மண்ணடித்து மேடாக்கிக் கட்டிய பங்க் அது. நன்னிலம் பக்கம் நாலு மா நிலம் வைத்திருந்தவர்கள்கூட அந்த வருஷங்களில் நெல்லை விட்டுவிட்டு, பங்க் வருமா, பிளாட் போடலாமா என்று சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பங்க்காரர் தங்கமான மனிதர். எங்கள் வண்டி திரும்புவதைக் கண்டால் மட்டும் அவருக்கு அவசரமாக ஒன்றுக்கு வந்துவிடும். அவர் திரும்பி வருகிற வரைக்கும் நாங்களும் விடாமல் நிற்போம்.

வண்டி என் வீட்டுக்காரருடையது. பத்துப் பதினோரு வருஷம் ரியாத்தில் ஒரு காய்கறி வியாபாரிக்கு பிக்கப் ஓட்டியவர். ஆறு மாத விடுப்பில் வந்த வைகாசியில், இனி நம் ஊரிலேயே பிக்கப் ஓட்டிப் பார்க்கிறேன் என்று கும்பகோணத்தில் ஒரு பழைய வண்டியை வாங்கிவிட்டார். வாங்கிய கையோடு எனக்கு ஒரு வாய்தாவும் சொன்னார். "ஓடினா இருக்கேன். ஓடலைன்னா நோன்புக்கு முன்னாடி ஏறிடுவேன். விசா உயிரோடதான் இருக்கு." இதை அவர் சொன்ன விதத்தைப் பார்த்தால், திருவாரூர் பஸ்ஸைத் தவறவிட்டால் மன்னார்குடி பஸ்ஸில் ஏறுவேன் என்பது மாதிரி இருக்கும்.

எனக்கு அவர் இருக்க வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அவரும் நானும் ஒரே கூரையின் கீழ் இருந்த நாட்களைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு முழு வருஷம் தேறாது. என் மகளுக்கு அத்தா என்றால் டெலிபோன் பூத்தில் கேட்கிற இரைச்சல். அந்த இரைச்சலுக்கு முகமும் குறட்டையும் இருக்கின்றன என்று அவள் இப்போதுதான் கண்டுபிடித்திருந்தாள். அதை மறுபடி விமானத்தில் ஏற்றி அனுப்ப எனக்கு மனமில்லை. ஆனால் அதை அவரிடம் சொல்வதாவது! எங்கள் தெருவில் வெளிநாடு போகிறவர்களைச் சபுராளி என்போம். சபுராளியிடம் போகாதீங்க என்று சொல்வது சகுனக் கேடு. சிரித்துக்கொண்டே பெட்டி அடுக்க வேண்டும், போயிட்டு வாங்க என்று கையசைக்க வேண்டும், அழுவதாயிருந்தால் வெங்காயம் உரிக்கிற நேரத்தில் அழுதுகொள்ள வேண்டும். எங்கள் தெருவில் வெங்காயம் நிறையவே செலவானது. ஆகவே அவர் வாய்தா சொன்னபோதும் நான் "உங்க இஷ்டம்" என்றேன். அடுப்படிக்குப் போய் ஒரு சட்டியைத் தேவையில்லாமல் நங்கென்று வைத்தேன்.

அந்த முறை அவர் வரும்போது இரண்டு புதுச் சரக்கோடு வந்திருந்தார். ஒன்று, "சவூதியில" என்று ஆரம்பிக்காமல் ஒரு வாக்கியம்கூடப் பேச மாட்டார். சவூதியில் ரோடு கண்ணாடி மாதிரி இருக்குமாம். சவூதியில் தண்ணீரைவிட டீசல் மலிவாம். ஆற்றில் தண்ணீர் வராமல் ஊரே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த கோடையில் இதைக் கடைத்தெருவில் சொல்லி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். இன்னொன்று, பயான் கேசட்டுகள். தாயத்து கூடாது, தர்காவுக்கு நேர்ந்துகொள்ளக் கூடாது, கேட்பதை அல்லாவிடம் மட்டும் கேள் என்று அதில் ஒருவர் உரத்த குரலில் பேசுவார். இவர் வந்த மறுநாளே மகளின் இடுப்பில் கிடந்த தாயத்தைக் கத்தரியால் நறுக்கி எறிந்தார். அப்புறம் தெருவில் ஒரு பிள்ளை விடாமல் இடுப்பைப் பார்த்தார். இவர் வருவதைக் கண்டாலே பக்கத்து வீட்டம்மா கைக்குழந்தையை முந்தானையால் மூடிக்கொள்வாள். எனக்குத் தாயத்தின் மேல் பெரிய நம்பிக்கையும் கிடையாது, பகையும் கிடையாது. ஆனால் சொல்கிறவர் சொல்லிலேயே நிற்பாரா என்று பார்க்க எனக்கு எப்போதும் ஆசை உண்டு. அது என் குணம்.

வண்டிக்கு வேலை கொடுத்தவர் திருவையாற்று இலை மண்டிக்காரர். ஆற்றுப் படுகைத் தோட்டங்களில் அறுக்கிற வாழையிலையைக் கட்டுக்கட்டாக ஏற்றி, கும்பகோணம், நன்னிலம், திருவாரூர் என்று கல்யாண மண்டபங்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். இலை வந்தால்தான் பந்தி. ஆனி மாதம் முழுக்க வேலை பிரமாதமாக நடந்தது. வண்டியும் போட்ட டீசலைச் சத்தமில்லாமல் குடித்தது. இவர் இனி ரியாத்தே இவரிடம் வந்து விசா கேட்கும் என்ற மாதிரி நடந்தார்.

அப்புறம் ஆடி வந்தது. ஆடியில் யாரும் கல்யாணம் வைக்க மாட்டார்கள் என்பதை இவருக்கு சவூதியில் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. வண்டி வாசலில் நின்றது. கோழி அதன் அடியில் முட்டையிட்டது. இவர் காலையில் அதைத் துடைப்பார், மாலையில் அதைச் சுற்றி வருவார், சாப்பாட்டில் ஆணத்துக்கு உப்பில்லை, புளியில்லை என்று குறை சொல்வார். ஒருநாள் நாகப்பட்டினத்தில் மலிவாக டயர் கிடைக்கிறது என்று வண்டியை எடுத்துக்கொண்டு போனார். டயர் வாங்காமல் திரும்பி வந்தார். பாலில்லாத டீ கொடுத்தேன், அதைக்கூடக் குறை சொல்லாமல் குடித்தார்.

ஆவணி பிறந்து முதல் முகூர்த்தத்துக்கு டீசல் போடப் போனபோதுதான் வண்டி முதல்முறையாகக் கக்கியது.

முதலில் பழி பங்க்காரர் தலையில் விழுந்தது. "பம்ப்பு வேகத்தைக் குறைங்க. சவூதியில இப்படிப் பீச்சி அடிக்க மாட்டான்" என்றார் இவர்.

"பாய், இதே கொழாதான் மாயவரம் பஸ்ஸுக்கும் போடுது. பஸ்ஸு கக்கலையே" என்றார் பங்க்காரர், சட்டையைப் பிழிந்துகொண்டே.

இவர் கோபித்துக்கொண்டு வேறு பங்க்குக்குப் போனார். அங்கேயும் வண்டி கக்கியது. திருவாரூரில் கக்கியது. குடவாசலில், புது யூனிபாரம் போட்ட ஒரு பையன் மேல் நெற்றியிலிருந்து பெல்ட்டு வரை கக்கியது. குழாயைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, கஷாயம் புகட்டுவதுபோல் சொட்டுச் சொட்டாக விட்டால் மட்டும் உள்ளே போகும். அதற்குள் பின்னால் லாரியும் டிராக்டருமாக வரிசை சேர்ந்துவிடும். அவர்கள் எங்கள் பரம்பரையையே விசாரிப்பார்கள். இலை மண்டபத்துக்குத் தாமதமாகப் போய்ச் சேரும். மண்டிக்காரர் இரண்டு முறை பொறுத்துக்கொண்டார்.

இந்த வசவு விஷயத்துக்கு இவர் ஒரு யோசனை கண்டுபிடித்தார். அந்த யோசனை நான்தான். வண்டியில் பொம்பளை உட்கார்ந்திருந்தால் லாரிக்காரன் வாயை அடக்குவான் அல்லவா? ரியாத்திலிருந்து அவர் வாங்கி வந்த கறுப்புப் புர்காவைப் போட்டுக்கொண்டு நான் முன்சீட்டில் கொலு வைத்த மாதிரி உட்கார வேண்டும். எனக்கும் வீட்டைவிட்டுக் கிளம்பக் காரணம் கிடைத்தது, வேண்டாம் என்று சொல்லவில்லை. லாரிக்காரர்கள் உண்மையிலேயே அடங்கினார்கள். என்னைப் பார்த்ததும் "சரி பாய், மெதுவா போடுங்க" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வார்கள். ஒருநாள் வண்டி என் பக்கத்து ஜன்னல் வரை கக்கியது. புர்கா கறுப்பு, கறை தெரியவில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் மகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "உம்மா, நீ பஸ் மாதிரி இருக்கே" என்றாள்.

வண்டியை ஆட்டினால் இறங்கும் என்று யாரோ சொன்னார்கள். உடனே பங்க்கில் நின்ற ஆட்களையெல்லாம் கூப்பிட்டு, ஆளுக்கொரு மூலையைப் பிடித்து ஆட்டச் சொன்னார். நான் உள்ளே உட்கார்ந்திருந்தேன். இறங்கச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. வண்டி ஆட, நான் ஆட, என் மடியிலிருந்த பலகாரச் சம்படம் ஆட, பங்க்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "ஏன் பாய், டீசல் போடுறீங்களா, பேய் ஓட்டுறீங்களா?" எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. புர்காவின் பெரிய வசதியே அதுதான், உள்ளே சிரிப்பது வெளியே தெரியாது. தோள் குலுங்கியதை அவர்கள் வண்டி குலுங்கியதாக எடுத்துக்கொண்டார்கள்.

கடைசியில் திருவாரூரில் ஒரு மெக்கானிக்கிடம் போனோம். எதைக் கேட்டாலும் "பிரச்சனையே இல்ல" என்று ஆரம்பிக்கிற ஆள். டீசல் போடுகிற வாயிலிருந்து டேங்க் வரைக்கும் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும், பக்கத்துத் தகட்டைக் கழற்றுகிறேன் என்று ஸ்பானரை எடுத்தான். என் வீட்டுக்காரர் பாய்ந்து அவன் கையைப் பிடித்தார்.

"அங்க கை வைக்காதே! அது கம்பெனி ஃபிட்டிங்கு. சவூதியில அதையெல்லாம் தொடவே வுட மாட்டான்."

"கழட்டாம எப்புடி பாய் பாக்குறது?"

"வெளியிலேர்ந்தே பாரு."

வெளியிலிருந்து பார்த்தால் டேங்க் மூடி மட்டும்தான் தெரியும். அவனும் மூடியில்தான் கோளாறு, பிரச்சனையே இல்லை என்று அதில் டிரில்லால் ஒரு ஓட்டை போட்டுக் கொடுத்தான். நோய் வயிற்றில், வைத்தியம் தொப்பிக்கு. அந்த ஓட்டையால் கக்கலும் நிற்கவில்லை. அதோடு, வளைவில் திரும்பும்போதெல்லாம் டீசல் வெளியே தெளிக்க ஆரம்பித்தது. தெளித்தது எங்கே? பக்கவாட்டில் தொங்கிய இலைக் கட்டின் மேல்.

திருவாரூர் மண்டபம் ஒன்றில் முதல் பந்தி உட்கார்ந்தாயிற்று. இலை போட்டு, தண்ணீர் தெளித்து, சர்க்கரைப் பொங்கல் வைக்கப் போகும் நேரத்தில் மாப்பிள்ளையின் பெரியப்பா குனிந்து இலையை மோந்து பார்த்திருக்கிறார். பக்கத்து இலையையும் மோந்திருக்கிறார். பிறகு அந்த வரிசையே குனிந்து மோந்ததாம். சொல்லச் சொல்ல எனக்குக் கண்ணில் தண்ணீர் வருகிற அளவு சிரிப்பு. ஆனால் சொன்னவர் மண்டிக்காரர். எங்கள் வீட்டு வாசலில், குடையை மடக்காமலே நின்றுகொண்டு சொன்னார்.

"பாய், நீங்க நல்ல மனுசன். அதனாலதான் நேர்ல வந்தேன். அடுத்து ஐப்பசி முதல் முகூர்த்தம். ஒரே நாள்ல நாலு மண்டபம். அன்னிக்கு மட்டும் இலை லேட்டா போச்சு, இல்ல டீசல் நாத்தம் அடிச்சுதுன்னு வைங்க, நான் வேற வண்டி பாத்துக்குறேன். கோவிச்சுக்காதீங்க."

"பரவால்லீங்க. சரியா வராட்டி நான் சவூதிக்கே ஏறிடுவேன். டிக்கெட்டுக்குக்கூட சொல்லி வச்சிருக்கேன்" என்றார் என் வீட்டுக்காரர், சிரித்துக்கொண்டே. டிக்கெட்டுக்குச் சொல்லி வைத்த விஷயம் எனக்கு அப்போதுதான் தெரியும். என் சிரிப்பு அந்த இடத்திலேயே நின்றது. மண்டிக்காரர் போனதும் அவர் பயான் கேசட்டைப் போட்டுக்கொண்டு கயிற்றுக் கட்டிலில் சாய்ந்தார். கேசட் ஒரு பக்கம் முடிந்து டக்கென்று நின்றது. அவர் திருப்பிப் போடவில்லை, கூரையையே பார்த்துக்கொண்டு கிடந்தார்.

புரட்டாசியிலும் கல்யாணம் குறைவு. வண்டி மறுபடி வாசலில் நின்றது. கோழி சந்தோஷப்பட்டது.

அந்த நாட்களில் ஒரு காலை, டின்னிலிருந்து நல்லெண்ணெயைப் பாட்டிலுக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். புனலைப் பாட்டில் வாயில் அழுத்தி வைத்து ஊற்றினால் எண்ணெய் இறங்காது, களக் களக்கென்று குமிழ் விட்டு மேலே பொங்கும். இது எந்தப் பொம்பளைக்கும் தெரியும். ஒரு விளக்குமாற்று ஈர்க்கை ஒடித்துப் புனலுக்கும் பாட்டிலுக்கும் நடுவே சொருகிவிட்டால் போதும். உள்ளே இருக்கிற காற்று அந்தச் சந்து வழியாக வெளியேறும், எண்ணெய் விறுவிறுவென்று இறங்கும். நான் ஈர்க்கைச் சொருகினேன். களக் களக் நின்றது. எனக்குள் ஒரு மணி அடித்தது. பங்க்கில் தினம் கேட்கிற சத்தமல்லவா இது!

டின்னை அப்படியே வைத்துவிட்டு வாசலுக்குப் போனேன். "ஏங்க, டேங்குக்குள்ள டீசல் போனா, உள்ளே இருக்குற காத்து எந்த வழியா வெளியே வரும்?"

"அதுக்குன்னு தனியா ஒரு சின்ன டியூப்பு இருக்கும். எதுக்கு?"

"அது எங்கே அடைச்சிருக்குன்னு பாத்தீங்களா?"

அவர் முகம் மாறியது. "எண்ணெப் பாட்டிலும் டீசல் டேங்கும் ஒண்ணா? போ, போய் ஒலையப் பாரு. சவூதியில…"

மீதியைக் கேட்க நான் நிற்கவில்லை. எனக்குக் கோபம் வந்தால் விஷயத்தை விட மாட்டேன். கம்பெனி ஃபிட்டிங் என்று அன்று அவர் பாய்ந்த பாய்ச்சலும் மனதில் வந்தது. எஞ்சினை எந்த ஊர் மெக்கானிக் தொட்டாலும் பேசாமல் நிற்கிற மனிதர், டீசல் வாய்ப் பக்கம் மட்டும் ஒருத்தனையும் விடுவதில்லை. ஏன்?

வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு அவர் பள்ளிவாசல் போனார். தெருவில் ஆண்பிள்ளை ஒருவர்கூட இல்லை. முதல் நாள் மழையில் வாசல் சேறாகக் கிடந்தது. நான் பழைய புடவை ஒன்றைச் சுற்றிக்கொண்டு, கோணிச் சாக்கை விரித்து, பின்சக்கரத்துப் பக்கமாக வண்டிக்கு அடியில் மல்லாந்து நுழைந்தேன். கோழி எதிர்ப்புத் தெரிவித்தது. பக்கத்து வீட்டம்மா என் காலை மட்டும் பார்த்துவிட்டு, "யா அல்லா, யாரு மேல வண்டி ஏறிடுச்சு?" என்று அலறினாள். "யார் மேலயும் ஏறல, நான்தான் அடியில நுழைஞ்சிருக்கேன், சத்தம் போடாதீங்க" என்று அடியிலிருந்தே அடக்கினேன்.

டீசல் வாயிலிருந்து டேங்குக்கு ஒரு தடித்த ரப்பர் குழாய் இறங்கியது. அதை ஒட்டினாற்போல் விரல் தடிமனில் இன்னொரு குழாய், டேங்க் தலையிலிருந்து மேலே ஏறியது. காற்றுக்கான வழி. அதன் நடு இடுப்பில் பச்சை நூல். நூல் என்றால் ஏதோ சுற்றிவிட்டதல்ல. வண்டி குலுக்கலில் அவிழ்ந்து விழுந்துவிடக் கூடாது என்று மூச்சைப் பிடித்து இழுத்துச் சுற்றோ சுற்றென்று சுற்றி, ரப்பர் அந்த இடத்தில் நசுங்கி ஒட்டிப்போய்க் கிடந்தது. நூலில் தொங்கியது செப்புக் குழல் போட்ட ஒரு தாயத்து. நாகப்பட்டினத்துக் கடற்கரையோர தர்காவில் ஓதிக் கொடுக்கிற தாயத்து.

முடிச்சைப் பார்த்ததும் ஆளைத் தெரிந்துவிட்டது. ஒவ்வொரு விடுப்புக்கும் ரியாத்திலிருந்து வருகிற அட்டைப் பெட்டிகளில் அதே முடிச்சுதான் இருக்கும். விரலால் அவிழ்க்க முடியாது, அரிவாள்மணையில் வைத்துத்தான் அறுப்பேன். நாகப்பட்டினத்தில் டயர் ஏன் கிடைக்கவில்லை என்பதும் புரிந்தது.

சேற்றில் கிடந்தபடியே சிரித்தேன். தெருவில் ஒரு பிள்ளை விடாமல் இடுப்பைச் சோதித்தவர்! வண்டிக்கு இடுப்பு கண்டுபிடித்து அதில் கட்டியிருக்கிறார்! இன்று சாப்பாட்டில் வைத்து இதைக் கிளப்பி, மனிதரை ஒரு வழி பண்ணிவிட வேண்டும் என்று வாக்கியங்களைக்கூட அடுக்கினேன். அடுக்கிக்கொண்டே இருந்தவள் திடீரென்று பாதியில் நிறுத்தினேன். ஏறிடுவேன், ஏறிடுவேன் என்று ஊரெல்லாம் சிரித்துக்கொண்டு சொல்கிற ஆள், வேலையில்லாத ஆடியில் யாருக்கும் தெரியாமல் அவ்வளவு தூரம் போயிருக்கிறார். தான் கூடாது என்று சொன்ன இடத்தில் போய் நின்றிருக்கிறார். எவ்வளவு பயந்திருந்தால் போவார்? சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. வண்டிக்கு அடியில் வெங்காயமும் இல்லை.

சேறு உலர்வதற்குள் முடிவு செய்தேன். அடுப்படியிலிருந்து கத்தியை எடுத்து வந்து நூலை அறுத்தேன். நசுங்கிய ரப்பரை விரலால் பிசைந்து உருட்டி, மேல் முனையைக் கழற்றி வாயை வைத்து ஊதினேன். டேங்குக்குள்ளிருந்து குபுக்கென்று பதில் வந்தது. இரண்டு நாளைக்கு டீ எல்லாம் டீசலாகத்தான் இருந்தது, அது வேறு விஷயம். குழாயை மாட்டினேன். தாயத்தை எறிய மனம் வரவில்லை. அது காணாமல் போனால் அவர் பதறுவார். பக்கத்தில் ஒரு இரும்புச் சட்டம் இருந்தது. அதில் என் ஜடை ரிப்பனால் தாயத்தைக் கட்டித் தொங்கவிட்டுவிட்டு வெளியே வந்தேன். அவர் வந்து பசியாறும்போது ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு முட்டை பொரித்து வைத்தேன். "இன்னிக்கு என்ன விசேஷம்?" என்றார். "கோழிக்கு விசேஷம்" என்றேன்.

ஐப்பசி முதல் முகூர்த்தத்தன்று திருவையாற்றில் இலை ஏற்றிக்கொண்டு கும்பகோணம் சாலைப் பங்க்குக்கு வந்து சேர்ந்தபோது விடிந்துவிட்டது. ஓட்டை போட்ட மூடிக்குப் பதில் நான் கடைத்தெருவில் புதிது வாங்கிப் போட்டிருந்தேன். பங்க்காரர் எங்களைப் பார்த்ததும் வழக்கம்போல் ஒதுங்கப் பார்த்தார். நான் ஜன்னல் வழியாக, "அண்ணே, இன்னிக்கு ஒரு தடவை முழுசாத் திறந்து வுடுங்க" என்றேன்.

"பாயம்மா, இது புதுச் சட்டை."

"கெட்டுப்போனா நான் ஒண்ணு எடுத்துத் தரேன்."

அவர் கண்ணை மூடிக்கொண்டு, தலையைப் பின்னால் சாய்த்து, குழாயை முழுதாகத் திறந்தார். டீசல் போயிற்று. போய்க்கொண்டே இருந்தது. களக் இல்லை, கக்கல் இல்லை. ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். மறு கண்ணையும் திறந்தார். டேங்க் நிறைந்து, மூடி போட்டு, சட்டையைத் தடவிப் பார்த்து, "சுத்தமா இருக்கு பாய்!" என்று கத்தினார். பின்னால் நின்ற லாரிக்காரர் எதற்கென்றே தெரியாமல் ஹாரன் அடித்தார்.

என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தபடி நின்றார். அப்புறம் சுதாரித்துக்கொண்டு, "நான்தான் சொன்னேனே, மூடியிலதான் கோளாறுன்னு. புது மூடி போட்டதும் சரியாயிடுச்சு பாத்தியா" என்றார். நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அந்த ஒரு தலையாட்டலுக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

நாலு மண்டபத்துக்கும் இலை நேரத்தோடு போய்ச் சேர்ந்தது. நன்னிலத்தில் மண்டிக்காரர் ஒரு இலையை எடுத்து எல்லார் எதிரிலும் மோந்து பார்த்தார். "வாழையிலை வாசம்தான் அடிக்குது" என்றார். "தை வரைக்கும் நீங்கதான் பாய், வேற வண்டி பாக்கல" என்று அவர் சொன்னபோது இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை, தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

திரும்பி வரும்போது, சாலை ஓரத்தில் நடவு முடிந்த வயல் பக்கமாக வண்டியை நிறுத்தினார். "அடியில என்னமோ சத்தம் கேக்குது, பாத்துட்டு வரேன்" என்றார். எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. அடியில் நுழைந்தார். அப்புறம் மெதுவாக வெளியே வந்து, தன் சீட்டில் ஏறி, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். காது மடல் சிவந்திருந்தது.

"ரிப்பன் புதுசு. திருப்பித் தந்துடணும்" என்றேன்.

அவர் துண்டை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தார்.

"சவூதியில வண்டிக்குத் தாயத்து கட்டுவாங்களா?"

"வுடு" என்றார்.

நான் விடுகிற ஆளா? "வண்டி நல்லா ஓடணும்னு ஓதிக் கட்டச் சொன்னீங்களா? அதை டீசல் மூச்சு முட்டுற எடத்துலயா கட்டுவாங்க?"

"வண்டிக்காகக் கட்டல. என் மேல கட்டினா நீ பாத்துடுவியேன்னு அங்க கட்டினேன்." அவர் வயலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "வண்டி ஓடலைன்னாக்கூட நான் போகாம இருக்கணும்னு கேட்டேன். அங்க முடியல புள்ள. ரூம்ல எட்டுப் பேரு. போன தடவை ஏர்போர்ட்டுலேர்ந்து பாதி வழி திரும்பி வந்துட்டு மறுபடி போனேன். உனக்குத் தெரியாது."

எனக்குத் தெரியாதுதான். "அதை எங்கேயோ போய்க் கேக்கணுமா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றேன். குரல் நான் நினைத்ததைவிட உரக்க வந்தது.

அவர் என் பக்கம் திரும்பினார். "எப்புடிச் சொல்றது? ஒவ்வொரு தடவையும் நீதான் பெட்டி அடுக்குற. சிரிச்சுக்கிட்டே அடுக்குற. இந்தத் தடவை ஏறிடுவேன்னு நான் எத்தனை தடவை சொன்னேன்? உங்க இஷ்டம்னு சொல்லிட்டுப் போயிட்ட. ஒரு தடவையாச்சும் போகாதீங்கன்னு சொன்னியா?"

ஊரிலிருக்கிற பங்க்காரர், மெக்கானிக், லாரிக்காரர் எல்லாரோடும் வாயாடுகிறவள் நான். எனக்கு அந்த ஒரு வார்த்தையை எடுக்க நேரமானது. எதிரே ஒரு பஸ் வந்து, எங்களைக் கடந்து, வளைவில் மறைகிற வரைக்கும் ஆனது.

"போகாதீங்க" என்றேன்.

"சரி" என்றார் அவர். வண்டியைக் கிளப்பினார்.